சிங்க்கின் அடியில் கசியும் இணைப்புகள்: சென்னைக் குடியிருப்பு நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்



அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சமையலறை சிங்க்கின் அடியில் தோன்றும் கசிவு, அந்தந்த வீட்டார் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய சிறு தொல்லையாகவே கருதப்பட்டுவருகிறது. ஆயினும் அலமாரிக் கதவுக்குப் பின்னால் நாள்கணக்கில் சொட்டும் நீர், பலகையை ஊதவைத்து, தரை ஓடுகளின் இடுக்கு வழியே இறங்கி, கீழ்வீட்டின் கூரையில் ஈரத்திட்டாக வெளிப்பட்ட பின்னரே பெரும்பாலும் கண்டறியப்படுகிறது. அதற்குள் பழுதுச் செலவை யார் ஏற்பது என்னும் வழக்கு சங்கக் கூட்டத்துக்கு வந்து, மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் முகம் பார்த்துப் பேசாத நிலைக்கு வளர்ந்துவிடுகிறது. ஆகவே இது சங்கங்களின் அக்கறைக்கு உரிய பொருள் என்ற உறுதியோடு இம்மடல் தங்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது.

கசிவு கண்டதும் ஹார்டுவேர் கடைக்குச் செல்வோர், எந்த நிறுவனத்தின் பொருள் நல்லது, விலை என்ன என்னும் இரு வினாக்களோடுதான் செல்கின்றனர். அவ்விரண்டுக்கும் முன்னதாகக் கேட்கப்பட வேண்டிய வினா ஒன்று உண்டு: குறிப்பிட்ட அந்த இணைப்பில் நீரை உண்மையில் தடுத்து நிறுத்துவது எது என்பதே அது. சில இணைப்புகளில் மரைகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிப்பதால் நீர் நிற்கிறது; சிலவற்றில் மரை வெறுமனே இழுத்துப் பிடிக்க, நீரை நிறுத்தும் வேலையை ஒரு ரப்பர் வாஷர் செய்கிறது; சிலவற்றில் ஒட்டுப்பசை இரு பகுதிகளையும் ஒன்றாக்கிவிடுகிறது; வேறு சிலவற்றில் மெல்லிய ரப்பர் வளையமே எல்லாம். நல்ல நிறுவனத்தின் விலை உயர்ந்த பொருள்கூட, தனக்குப் பொருந்தாத துணையோடும் தனக்கு உரியதல்லாத முறையிலும் இணைக்கப்படும்போது கசியவே செய்யும் என்பதை இந்த வேறுபாட்டைக் கொண்டே விளங்கிக்கொள்ள முடியும். விறைப்பான குழாய் நடுவில் வெடித்துக் கசிவது அரிது. பெரும்பாலும் இரண்டு பொருள்கள் சந்திக்கும் இடமே கசிகிறது.

சிங்க்கின் அடியில் இருவேறு அமைப்புகள் அருகருகே இருக்கின்றன. முதலாவது, மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் நீரைக் குழாய்க்குக் கொண்டுசெல்லும் வரத்து அமைப்பு. சுவரிலிருந்து வெளிவரும் இணைப்பு, அதில் பொருத்தப்படும் ஆங்கிள் காக் எனப்படும் சிறு அடைப்பான், அங்கிருந்து குழாய்க்குச் செல்லும் வளையும் கனெக்‌ஷன் பைப் ஆகியவை இதில் அடங்கும். இரண்டாவது, கழுவிய நீரை வெளியேற்றும் போக்கு அமைப்பு. சிங்க்கின் துளையில் அமரும் வேஸ்ட் கப்ளிங், அதன் கீழுள்ள டிராப், அதிலிருந்து தரைக்கோ சுவருக்கோ செல்லும் கழிவுக் குழாய் ஆகியவை இதைச் சேர்ந்தவை. வரத்து அமைப்பில் அழுத்தம் இரவும் பகலும் நீங்குவதில்லை. மாடித் தொட்டியின் நீர்மட்டம் ஒவ்வொரு 10 மீட்டர் உயர்வுக்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தத்தைத் தருவதால், நான்கு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒன்றரைக் கிலோவை ஒட்டியும், பத்து மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் 3 கிலோவை ஒட்டியும் அழுத்தம் நிலவும். அழுத்தம் கூட்டும் மோட்டார் பொருத்தப்பட்ட இடங்களில் இது மேலும் உயரும். போக்கு அமைப்பிலோ அழுத்தம் என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. சிங்க் பயன்படும்போது மட்டும் நீர் தன் எடையால் இறங்கிச் செல்கிறது. எனவே ஒன்றில் வேலை செய்யும் தீர்வு மற்றொன்றில் வேலை செய்யும் என எதிர்பார்ப்பதற்கில்லை.

கசிவு எந்த அமைப்பைச் சேர்ந்தது என்பதைப் பொருள் வாங்குவதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும். எல்லா இணைப்புகளையும் துணியால் துடைத்து உலர்த்திவிட்டு, சிங்க்கைச் சில மணி நேரம் பயன்படுத்தாமல் விட்டாலும் ஈரம் தோன்றுமானால் பழுது வரத்துப் பக்கத்தில் இருக்கிறது. சிங்க்கை நிரப்பி ஒரே வீச்சில் திறந்துவிடும்போது மட்டும் தோன்றுமானால் போக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீர் குழாயின் வெளிப்புறத்தைத் தழுவிக்கொண்டே இறங்கி, மிகத் தாழ்ந்த இடத்தில்தான் சொட்டும் என்பதால், சொட்டும் இடத்தையே கசியும் இடமாகக் கொள்வது பெரும்பான்மையான வீண் செலவுகளுக்குக் காரணமாகிறது. மெல்லிய காகிதத்தை மேலிருந்து கீழாக ஒவ்வோர் இணைப்பிலும் ஒற்றிப் பார்த்தால், முதலில் நனையும் இடம் எதுவோ அதுவே மாற்றப்பட வேண்டியது. நொடிக்கு ஒரு சொட்டு என்னும் அளவில் கசியும் இணைப்பு, 20 சொட்டுகளை ஒரு மில்லிலிட்டராகக் கொண்டால், நாளொன்றுக்கு 4 லிட்டருக்கும் மேலாகவும் ஆண்டொன்றுக்கு 1,500 லிட்டருக்கும் மேலாகவும் நீரை இழக்கச் செய்கிறது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் குடிநீர் வரவழைத்த நகரத்தில் இந்த இழப்பைச் சிறிது என்று தள்ளிவிடுவது நியாயமாகாது.

மரை இணைப்பு பற்றிய தெளிவின்மையே மிகுதியான கசிவுகளுக்கு வேராக இருப்பதால், அது சற்று விரிவாகவே நோக்கத்தக்கது. குழாய் மரைகளில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் வெளிமரை நுனியை நோக்கிச் சிறுத்துக்கொண்டே செல்லும். 16 அலகு நீளத்துக்கு 1 அலகு என்னும் அளவில் விட்டம் குறையும் இந்தக் கூம்பு மரை, உள்ளே செல்லச் செல்ல ஆப்புப் போல் இறுகி, மரையே நீரைத் தடுக்கும் நிலையை உண்டாக்குகிறது. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 554 இவ்வகைக்கு உரியது. இரண்டாவது வகையில் மரை முழு நீளத்துக்கும் ஒரே விட்டத்தோடு நேராக இருக்கும். இங்கு மரை நீரைத் தடுப்பதில்லை, அதன் முகப்பில் அமரும் வாஷரே தடுக்கிறது. இதற்கு ஐ.எஸ். 2643 என்னும் வேறு தரநிலை உள்ளது. சுவரிலுள்ள இணைப்புக்குள் ஆங்கிள் காக்கின் பின்புற மரை ஏறுமிடம் முதல் வகையைச் சேர்ந்தது. அங்கு டெஃப்லான் டேப் சுற்றுவது இன்றியமையாதது. கனெக்‌ஷன் பைப்பின் நட் ஆங்கிள் காக்கில் ஏறுமிடம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அங்கு டேப் சுற்றுவதால் பயன் ஏதும் இல்லை என்பதோடு, டேப்பின் தடிப்பு நட்டை முழுமையாக ஏறவிடாமல் தடுத்து, வாஷர் சரியாக அழுந்தாமல் போவதற்கும் அது காரணமாகிறது. எல்லா மரையிலும் டேப் சுற்றுவதே கவனமான வேலை என்னும் எண்ணம் பிளம்பர்களிடையேயும் வீட்டாரிடையேயும் வேரூன்றிவிட்டது. அது களையப்பட வேண்டிய எண்ணம்.

டெஃப்லான் எனப்படும் பொருள், 1938-இல் அமெரிக்க வேதியியலாளர் ராய் பிளங்கெட் குளிர்பதன வாயுக்களை ஆராயும்போது தற்செயலாகக் கண்டறிந்த வழுவழுப்பான பிளாஸ்டிக் ஆகும். டேப்பாகச் சுற்றப்படும்போது அது மரைகளின் உராய்வைக் குறைத்து ஆழமாக ஏறச் செய்வதோடு, மரையின் முகடுக்கும் பள்ளத்துக்கும் இடையே எஞ்சும் சிறு இடைவெளியையும் நிரப்புகிறது. வெளிமரையின் நுனி பார்ப்பவரை நோக்கி இருக்கும் நிலையில், கடிகார முள் சுழலும் திசையில் அதைச் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றிய டேப், மரை ஏறும்போது அவிழ்ந்து ஒரு பக்கமாகக் குவிந்துவிடும். இறுக்கிய பிறகு, கோணம் சரியாக அமையவில்லை என்பதற்காக ஆங்கிள் காக்கைக் கால் சுற்று பின்னோக்கித் திருப்புவது பரவலாகக் காணப்படும் வழக்கம். டேப் இட்ட கூம்பு மரையை ஒருமுறை பின்திருப்பினால் அதன் அடைப்பு குலைந்துவிடும் என்பதால், முழுவதும் கழற்றிப் புதிய டேப் சுற்றுவதே முறை.

அளவைக் குறிக்கும் பெயர்களும் வாங்குவோரைத் தடுமாறச் செய்கின்றன. அரை அங்குலம் என்று கடையில் கேட்கப்படும் பொருள், குழாயின் வகைக்கு ஏற்ப வெவ்வேறு உண்மை அளவுகளைக் கொண்டது. அரை அங்குல ஜி.ஐ. குழாயின், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயின், வெளிவிட்டம் ஏறத்தாழ 21.3 மி.மீ.; அங்குலக் கணக்கில் விற்கப்படும் அரை அங்குல யு.பி.வி.சி. குழாயும் அதே அளவினது. சுடுநீரைத் தாங்கும் சி.பி.வி.சி. குழாயிலோ அரை அங்குலம் என்பது 15.9 மி.மீ. மட்டுமே. ஒன்றுக்கு உரிய எல்போவோ கப்ளிங்கோ மற்றொன்றில் அமராது. அமர்வதுபோல் தோன்றச் செய்து பசையை அள்ளிப் பூசி மூடப்பட்ட இணைப்பு சில வாரங்கள் தாங்கி, பின்னர் கைவிடும். மரையிலும் இத்தகைய சிக்கல் உண்டு. இந்தியாவில் வழங்கும் குழாய் மரை பிரித்தானிய மரபைச் சேர்ந்தது. அதன் பல்லின் கோணம் 55 பாகை. அமெரிக்க மரபில் அது 60 பாகை. அரை அங்குல அளவில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 பற்கள் என்ற எண்ணிக்கை ஒன்றாகவே இருப்பதால், வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட குழாயோ கருவியோ முதல் ஓரிரு சுற்றுகள் இணங்கி ஏறி, பின்னர் சிக்கிக்கொள்ளும். அந்நிலையில் ரெஞ்ச் கொண்டு வலிந்து முறுக்குவது இரு மரைகளையும் கெடுக்கும். கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கடைக்கு எடுத்துச் சென்று, புதியதோடு கையால் திருகிப் பார்த்து வாங்குவதற்கு நிகரான பாதுகாப்பு வேறில்லை.

சி.பி.வி.சி. என்பது சாதாரண பி.வி.சி.யில் மேலும் குளோரினைச் சேர்த்து உருவாக்கப்படுவது; பி.வி.சி.யில் எடையளவில் ஏறத்தாழ 57 விழுக்காடாக உள்ள குளோரின், இதில் 67 விழுக்காட்டை ஒட்டி உயர்கிறது. அதனால் வெப்பத்தைத் தாங்கும் ஆற்றல் கூடுகிறது. சிங்க்கின் மேல் சிறு கீசர் பொருத்தப்பட்ட வீடுகளில் சுடுநீர்ப் பக்கத்துக்கு யு.பி.வி.சி. ஏற்றதன்று என்பதற்கு இதுவே காரணம். இரண்டு பிளாஸ்டிக்குகளுக்கும் உரிய பசைகளும் வேறானவை. சால்வன்ட் சிமென்ட் எனப்படும் இப்பசை, மரச்சாமான் ஒட்டும் பசையைப்போல் இடையில் ஒரு படலமாக நிற்பதன்று. இரு பரப்புகளையும் மேலோட்டமாகக் கரைத்து ஒன்றோடொன்று கலக்கச் செய்வது. எனவே யு.பி.வி.சி.க்கு உரிய பசையால் சி.பி.வி.சி.யை ஒட்டினால் கரைதல் முழுமையடைவதில்லை. குழாயைச் செங்குத்தாக வெட்டி, விளிம்பின் பிசிறை நீக்கி, ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் துடைத்து, பசை பூசியதும் கால் சுற்றுத் திருப்பிச் செலுத்தி, அரை நிமிடம் அசையாமல் பிடித்திருப்பதும், கலத்தின்மேல் அச்சிடப்பட்டிருக்கும் உலரும் நேரம் முடியும்வரை நீரைத் திறக்காமல் இருப்பதும் இவ்வேலையின் இலக்கணம். மாலைச் சமையலுக்குத் தண்ணீர் வேண்டும் என்ற அவசரத்தில் நேரம் குறைக்கப்பட்ட இணைப்பே மறுமாதமும் பிளம்பரை அழைக்கச் செய்கிறது.

உலோகமும் பிளாஸ்டிக்கும் சந்திக்குமிடம் தனிக் கவனத்துக்கு உரியது. பிளாஸ்டிக் உள்மரைக்குள் உலோகக் கூம்பு மரையைச் செலுத்தி இறுக்கும்போது, அது பிளாஸ்டிக்கை உள்ளிருந்து வெளிநோக்கிப் பிளக்க முயல்கிறது. அன்று நின்றுவிட்டதாகத் தோன்றும் கசிவு, சில மாதங்களில் அந்தப் பிளாஸ்டிக்கில் நெடுக்கு விரிசலாகத் திரும்புகிறது. இதைத் தவிர்ப்பதற்காகவே, பித்தளை மரை உள்ளே பதிக்கப்பட்ட பிளாஸ்டிக் இணைப்புகள் செய்யப்படுகின்றன. கடைகளில் பிராஸ் எஃப்.டி.ஏ., பிராஸ் எல்போ என்னும் பெயர்களில் கிடைப்பவை இவையே. முதலாவது நேராகச் செல்லும் குழாய்க்கும் இரண்டாவது திரும்பிச் செல்லும் குழாய்க்கும் உரியவை. ஆங்கிள் காக் ஏறும் சுவர்ப் புள்ளியில் முழுப் பிளாஸ்டிக் மரையைப் பொருத்தி மிச்சம்பிடிக்கப்படும் சிறு தொகை, பின்னாளில் ஓடுகளை உடைத்துச் சுவரைத் திறக்கும் செலவாக மாறுவதைக் கட்டடம் கட்டுவோரும் எண்ணிப் பார்ப்பது நல்லது.

பித்தளைப் பொருள்கள் பற்றிச் சென்னையில் கூடுதலாகச் சொல்ல வேண்டியதொன்று உண்டு. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். குளோரைடு மிகுந்த நீர் நெடுநாள் தங்கும்போது, அக்கலவையிலிருந்து துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேறி, நுண்துளைகள் நிறைந்த வலுவற்ற செம்பு எஞ்சுகிறது. இது துத்தநாக நீக்கம் எனப்படும். வெளிப்புறத்தில் வெண்பொடி படிவதும், உடைந்த இடம் மஞ்சளாக இல்லாமல் இளஞ்சிவப்பாகத் தெரிவதும் இதன் அடையாளங்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, குளோரைடுக்கு லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்பதை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத நிலையில் 1,000 மில்லிகிராமை மேல் வரம்பாகவும் வகுத்துள்ளது. கடல்நீர் நிலத்தடியில் ஊடுருவியிருப்பது பல பத்தாண்டுகளாக அறியப்பட்ட மீஞ்சூர் போன்ற கரையோரப் பகுதிகளில், ஆழ்துளைக் கிணற்று நீர் சமையலறைக் குழாய்க்கும் வரும் வீடுகள் இதைப் பொருட்படுத்தியாக வேண்டும். சிறிதளவு ஆர்செனிக் சேர்த்துத் துத்தநாக நீக்கத்தை எதிர்க்குமாறு செய்யப்படும் பித்தளை, டி.இசட்.ஆர். என்ற குறியோடு விற்கப்படுகிறது. விலை கூடுதலானாலும் உவர்நீர்ப் பகுதிகளுக்கு அதுவே தக்கது. கடைந்தெடுப்பதற்கு எளிதாக இருக்கும்பொருட்டுப் பித்தளையில் ஈயம் கலக்கப்படுவதும் உண்டு. அமெரிக்காவில் 2014 முதல் குடிநீர் தொடும் இணைப்புகளில், நனையும் பரப்பைக் கணக்கிட்டு, சராசரியாக 0.25 விழுக்காட்டுக்கு மேல் ஈயம் இருத்தலாகாது என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. குடிக்கவும் சமைக்கவும் நீர் பிடிக்கும் குழாயில் ஈயம் குறைந்த பொருளைக் கேட்டு வாங்கும் வழக்கம் இங்கும் வர வேண்டும். இரவு முழுதும் குழாயில் தங்கிய முதல் நீரைப் பாத்திரம் கழுவுவதற்கு விட்டுவிட்டு, அதன் பின் வருவதைச் சமையலுக்குப் பிடிப்பது செலவில்லாத முன்னெச்சரிக்கை.

பளபளக்கும் குரோமியப் பூச்சு எதற்கும் சான்றாகாது. பித்தளை மேலும் துத்தநாக வார்ப்பின் மேலும் பிளாஸ்டிக்கின் மேலும் அதே பூச்சு ஒரே அழகோடு நிற்கும். எடை ஓரளவு உதவும். பூச்சு இல்லாத உள்மரைப் பகுதியைப் பார்ப்பது அதைவிட உதவும், ஏனெனில் அங்குப் பித்தளையின் மஞ்சளோ துத்தநாகத்தின் சாம்பல் நிறமோ மறைக்கப்படாமல் தெரியும். நாட்டின் பித்தளை இணைப்புகளில் பெரும்பங்கு குஜராத்தின் ஜாம்நகரில் உள்ள சிறு பட்டறைகளிலும் ஆலைகளிலும் உருவாகிறது. அங்கிருந்து வருவனவற்றில் மிகச் சிறந்தவையும் மிகத் தாழ்ந்தவையும் உண்டு என்பதால், ஊர்ப்பெயரை மட்டும் நம்பி வாங்குவது போதாது.

கனெக்‌ஷன் பைப்பே சிங்க்கின் அடியில் மிக எளிதில் கைவிடும் உறுப்பு. இரவில் வெடித்து வீட்டை வெள்ளமாக்குவதும் அதுவே. அதன் வெளியே தெரியும் கம்பிப் பின்னல் அழகுக்கானதன்று. உள்ளிருக்கும் மெல்லிய ரப்பர்க் குழாய் அழுத்தத்தால் உப்பாமல் தாங்கிப் பிடிப்பது அந்தப் பின்னலே. பின்னலின் ஓர் இழை அறுந்தாலும் அந்த இடத்தில் ரப்பர் புடைத்து, நாளடைவில் வெடிக்கும். குரோமியம் 18 விழுக்காட்டளவிலும் நிக்கல் 8 விழுக்காட்டளவிலும் கலந்த 304 வகை எவர்சில்வர்ப் பின்னல் நீடித்து உழைக்கும்; நிக்கல் குறைந்த மலிவு வகைகளும் அலுமினியக் கம்பிகளும் அதைப்போலவே தோன்றும். காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்லது என்று கடைகளில் காட்டப்படும் சோதனை நம்பத்தக்கதன்று. அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது, மெல்லிய கம்பியாக இழுக்கப்பட்ட நல்ல எவர்சில்வரிலோ சிறிது ஒட்டக்கூடும். இரு முனைகளிலும் உள்ள நட் பித்தளையால் ஆனதா, உள்குழாய் ஈ.பி.டி.எம். என்னும் ரப்பர் வகையா, தாங்கும் அழுத்தமும் வெப்பமும் உறையின்மேல் எழுதப்பட்டிருக்கின்றனவா என்பவையே நோக்கத்தக்கவை. பைப்பை முறுக்கியோ மடக்கியோ பொருத்தாமல் இயல்பாக வளைந்து நிற்கும் நீளத்தில் வாங்க வேண்டும். ஒருமுறை கழற்றிய பைப்பைத் திரும்பப் பூட்டுவதானால், வாஷரையேனும் புதிதாக இட வேண்டும்.

இதோடு நேரடித் தொடர்புடைய, ஆனால் யாரும் எண்ணிப் பார்க்காத காரணம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிங்க்கின் அடியிலுள்ள அலமாரியே பெரும்பாலான வீடுகளில் பிளீச்சிங் பவுடரும் கழிவறை கழுவும் ஆசிடும் வைக்கப்படும் இடம். மூடி தளர்ந்த அப்புட்டிகளிலிருந்து எழும் குளோரின், ஹைட்ரோகுளோரிக் அமில ஆவிகள் மூடிய அலமாரிக்குள் தேங்கி, எவர்சில்வர்ப் பின்னலைக்கூடத் துளைத்தரிக்கும். சமையல் எண்ணெய்ப் பிசுக்கும் கறையான், கரப்பான் மருந்துகளில் உள்ள கரைப்பான்களும் சி.பி.வி.சி.யில் மெல்லிய விரிசல்களை உண்டாக்கக்கூடும். மிக உயர்ந்த தரத்தில் வாங்கிய இணைப்பையும் இந்த வைப்புமுறை சில ஆண்டுகளில் வீணாக்கிவிடும் என்பதால், அப்புட்டிகளுக்கு வேறிடம் காண்பது புதிய பைப் வாங்குவதற்குச் சற்றும் குறையாத முதன்மை உடையது.

போக்குப் பக்கத்தில் அழுத்தம் இல்லாவிட்டாலும் வேறு சோதனைகள் உள்ளன. வடித்த கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்கச் சிங்க்கில் ஊற்றும் வழக்கம் தமிழ்ச் சமையலறைகளில் பரவலாக உள்ளது; பி.வி.சி. ஏறத்தாழ 80 பாகை செல்சியஸில் இளகத் தொடங்குவதால், அதனால் செய்த டிராப்பும் வளைகுழாயும் நாள்தோறும் சிறிது சிறிதாக உருமாறி, நட்டின் பிடியிலிருந்து தளர்கின்றன. பாலிபுரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன டிராப் இவ்வெப்பத்தை மேலும் நன்றாகத் தாங்கும் என்பதால், சமையலறைக்கு அதைக் கேட்டு வாங்குவது தகும். டிராப் என்பது கழிவுக் குழாயின் வாடையும் கரப்பானும் வீட்டுக்குள் ஏறாதவாறு எப்போதும் சிறிது நீரைத் தேக்கிவைக்கும் வளைவு. தேங்கும் நீரின் ஆழம் பொதுவாக 50 மி.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும். புட்டி வடிவில் உள்ள பாட்டில் டிராப் கைகழுவும் பேசினுக்கு ஏற்றது. சோற்றுப் பருக்கையும் மாவும் எண்ணெயும் இறங்கும் சிங்க்கில் அது விரைவில் அடைபட்டு, அடிக்கடி திறந்து மூடப்படுவதாலேயே மரை தேய்ந்து கசிகிறது. வழவழப்பான உட்புறம் கொண்ட 40 மி.மீ. வளைவு டிராப்பே இங்குச் சிறந்தது. மடிப்பு மடிப்பாக நீளும் வளைகுழாய் பொருத்துவதற்கு எளிதானாலும், ஒவ்வொரு மடிப்பிலும் கொழுப்பு படிந்து அடைப்பை உண்டாக்குவதால், அதை நிரந்தரத் தீர்வாகக் கொள்வது பொருந்தாது. வேஸ்ட் கப்ளிங்கில் நீரைத் தடுப்பது சிங்க்குக்கு மேலும் கீழும் அமரும் வாஷர்கள். பழைய வாஷரின் எச்சத்தையும் உப்புப் படிவையும் சுரண்டி நீக்காமல் புதியதை வைத்தால் அது சமமாக அழுந்தாது. எப்பாக்சி பசையை மேலே அப்பி மூடுவது, ஆள் வரும்வரை ஓரிரவு தாங்குவதற்கு உதவலாம். அடுத்தமுறை அந்த இணைப்பைக் கழற்ற முடியாதபடி செய்துவிடுவதால் அதைப் பழுதுபார்ப்பாகக் கருதலாகாது.

குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவிக்காக வரத்துக் குழாயிலிருந்து பிரிக்கப்படும் கால் அங்குல வெண்குழாய், கருவி பொருத்த வருவோர் சில நிமிடங்களில் முடித்துச் செல்லும் வேலை என்பதால் எவர் பொறுப்பிலும் சேராமல் நின்றுவிடுகிறது. இவ்விணைப்பில் நீரைத் தடுப்பது உள்ளிருக்கும் சிறு ரப்பர் வளையம்; குழாயின் முனை சாய்வாக வெட்டப்பட்டிருந்தாலோ, கீறல் விழுந்திருந்தாலோ வளையம் அதைச் சுற்றி முழுமையாகப் படியாது. கூரிய கத்தியால் நேராக வெட்டி, முட்டும்வரை செலுத்தி, ஒருமுறை இழுத்துப் பார்ப்பது போதுமானது. ஈ.பி.டி.எம். வளையத்தில் வாசலின் போன்ற பெட்ரோலியக் களிம்பைத் தடவினால் அது ஊதிக் கெடும். சிலிக்கோன் களிம்பே தடவத்தக்கது.

தர முத்திரையைப் படிப்பதற்கும் ஒரு முறை உண்டு. ஐ.எஸ்.ஐ. குறிக்கு மேலே தரநிலையின் எண்ணும், கீழே சி.எம்./எல். எனத் தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அவ்வுரிம எண்ணை இட்டால், அது எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்கு வழங்கப்பட்டது, நடப்பில் உள்ளதா என்பவை தெரியவரும். குறி இருப்பது மட்டும் போதாது, எண் பொருளோடு பொருந்தவும் வேண்டும். ஐ.எஸ். 15778 என்பது சி.பி.வி.சி. குழாய்க்கு உரியது; அக்குழாயில் அது அச்சிடப்பட்டிருப்பதால், உடன் விற்கப்படும் எல்போவும் அத்தரத்தினது என்று கொள்வதற்கில்லை. ஐ.எஸ். 781 வார்ப்புப் பித்தளை முதலியவற்றால் ஆன திருகுக் குழாய்களுக்கும் அடைப்பான்களுக்கும் உரியது. இவ்வெண்களைச் சங்க அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதிவைப்பது உறுப்பினர்களுக்குப் பெரிதும் பயன்படும்.

மிகையாக இறுக்குவது நல்ல பொருள்களையும் கெடுக்கிறது. வாஷர் உள்ள நட்டைக் கையால் இறுகும்வரை திருகி, அதன் பின் ஸ்பேனரால் கால் சுற்று திருப்பினால் போதும். பிளாஸ்டிக் நட்டுகளுக்கு ஸ்பேனரே வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் ஆங்கிள் காக்கை மெல்லத் திறந்து, சிங்க்கை நிரப்பி ஒரே முறையில் விட்டு, ஒவ்வோர் இணைப்பின் கீழும் உலர்ந்த செய்தித்தாளை விரித்து, மறுநாள் காலை வரை அலமாரியைக் காலியாகவே வைத்திருக்க வேண்டும். பிளம்பருக்கு உரிய கூலியில் ஒரு பகுதி இந்த மறுநாள் பார்வைக்குப் பின்னரே தரப்படும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது இருதரப்புக்கும் நேர்மையான ஏற்பாடாகும். அவசரமில்லாமல் வேலை செய்வதற்கான நேரத்தையும் அதற்குரிய ஊதியத்தையும் அவருக்கு மறுத்துவிட்டு, தரத்தை மட்டும் எதிர்பார்ப்பது முறையன்று.

சங்கங்கள் செய்யக்கூடியவை சில உள்ளன. கட்டடம் முழுவதிலும் பதிக்கப்பட்டிருக்கும் குழாயின் வகையும் அளவும் ஒன்றாகவே இருக்கும் என்பதால், அவற்றை ஒருமுறை உறுதிசெய்து எல்லா வீடுகளுக்கும் எழுத்தில் தரலாம்; டி.இசட்.ஆர். பித்தளை ஆங்கிள் காக், கனெக்‌ஷன் பைப், 40 மி.மீ. டிராப், பல அளவு வாஷர்கள் ஆகியவற்றை மொத்த விலைக்கு வாங்கி, ஞாயிற்றுக்கிழமையிலும் இரவிலும் கிடைக்கும்படி காவலாளி அறையில் இருப்பு வைக்கலாம்; வீட்டுக்குரிய முதன்மை அடைப்பான் எங்கிருக்கிறது என்பதை ஒவ்வொரு வீட்டிலும் வயது வந்த அனைவருக்கும், வீட்டுவேலைக்கு வருவோருக்கும் காட்டிவைக்கச் சொல்லலாம். பழுதாகிக் கழற்றப்படும் ஒவ்வொரு பாகத்தையும் எறிந்துவிடாமல், வீட்டு எண்ணும் பொருத்திய ஆண்டும் கழற்றிய நாளும் எழுதிய சீட்டோடு ஒரு பெட்டியில் சேர்த்துவந்தால், எந்த இணைப்பு எத்தனை ஆண்டு உழைத்தது, எங்கே உடைந்தது, நிறம் மாறியிருக்கிறதா என்பவற்றை ஆண்டுக் கூட்டத்தில் எடுத்துப் பார்த்து, அடுத்த கொள்முதலுக்கான பட்டியலை அக்கட்டடத்தின் நீருக்கும் அழுத்தத்துக்கும் ஏற்பத் திருத்திக்கொள்ள முடியும்.